பையைப் பிரித்து வைக்கச் சொன்ன மரகதம் அம்மா

மரகதம் அம்மா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கரியாலூரில் இருந்தேன். மலையில் புதிய ஆட்டக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தேன். பனி இறங்கிய மைதானத்தில் பந்து தெரியவில்லை. உதைக்கும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நம் கோல்கீப்பர் வேலுதான் போனில் சொன்னான்: "மாஸ்டர், அம்மா காலையில தவறிட்டாங்க." அதன் பிறகும் அந்தப் பனிக்குள் யாரோ யாருக்கோ பந்தைத் தந்துகொண்டுதான் இருந்தார்கள். 

கச்சிராயபாளையம் சாலையில் உள்ள நம் மைதானத்தை அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் ஆலையை நடத்தியவர். நம் கால்பந்துக் கழகத்தின் நான்காவது உரிமையாளர். அவருக்கு முன்பிருந்த மூவரில் ஒருவர் சட்டையின் நிறத்தை மாற்றினார். ஒருவர் கழகத்தின் பெயரை மாற்றினார். மூன்றாமவர் மைதானத்தை மனைகளாகப் பிரிக்கக் கல் நட்டார். பயிற்சியாளர்களை மூவருமே மாற்றினார்கள். இரண்டு ஆட்டம் தோற்றால் போதும். தியாகதுருகத்திலிருந்து வந்த நான் ஐந்தாவது பயிற்சியாளர்.

உண்மையில் அம்மா அந்த நிலத்தை வாங்கியது ஜவ்வரிசி காயவைக்கத்தான். கழகம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்களைக் காலி செய்யச் சொல்ல ஒரு மாலை வந்தார். பக்கத்துக் களத்திலிருந்து வெள்ளை மாவு காற்றில் ஏறி, மைதானத்தின் மீது மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தலையும் புருவமும் வெளுத்துப்போய், கனவில் ஓடுகிறவர்களைப் போல எங்கள் ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். அவர் எல்லைக் கோட்டருகே நின்றார். ஆட்டம் முடியும்வரை நின்றார். பிறகு நான் தங்கியிருந்த அறைக்குள் வந்தவர் என் பையைப் பார்த்தார்.

"இன்னா மாஸ்டர், ஊருக்குப் போறீங்களா?"

எந்த நாளிலும் அனுப்பிவிடுவார்கள் என்பதால் பையைக் கட்டியேதான் வைத்திருப்பேன் என்றேன்.

"பிரிச்சி வைங்க. துணியெல்லாம் கசங்கிக்கினு கெடக்குது," என்றார். காலி செய்வதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஜவ்வரிசிக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பருவத்தில் ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றோம். கழகத்தின் பழைய ஆதரவாளர்கள் அவர் வீட்டுக்குப் போய், மாஸ்டரை மாற்றியே தீரவேண்டும் என்றார்கள். அம்மா என்னையும் வரச்சொல்லியிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "கெழங்கு பத்து மாசம் மண்ணுக்குள்ள கெடக்குது. நாலாம் மாசம் புடுங்கிப் பாத்தா வேருதான் வரும். உங்களுக்குத் தெரியாததா?" வந்திருந்தவர்கள் எல்லோரும் விவசாயிகள். 

அதைவிடக் கடினமான நாள் அடுத்த ஆண்டு வந்தது. அவர் மகன் கதிரவன் நம் அணியில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தான். முதல் ஆட்டத்துக்கு அவனை எடுக்காமல் உட்காரவைத்தேன். மைதானமே திரும்பி அம்மாவைப் பார்த்தது. ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"கதிரு மெதுவா ஓட்றானா?"

"ஆமாம்மா."

"எனக்கும் அப்டித்தான் பட்டுது. அவங்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா வூட்டு சண்டையா பூடும்."

சொன்னேன். கதிரவன் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. சில மாதங்களில் பந்தையே விட்டுவிட்டு ஆலைக்குப் போய்விட்டான். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் உறுத்தல் குறைந்திருக்குமோ என்னவோ.

இப்படியே ஆறு ஆண்டுகள் போயின. ஒரே உரிமையாளர், ஒரே பயிற்சியாளர், ஒரே நிறச் சட்டை. பெரிய கோப்பை எதையும் நாம் வெல்லவில்லை. கீழ்ப் பிரிவிலிருந்து ஒருமுறை மேலே ஏறினோம், பிறகு இறங்கவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். இப்போது கழகம் கதிரவனுடையது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மைதானத்துக்கு வந்திருந்தான். அவன் என்னை நோக்கி நடந்து வந்தபோது, இந்தப் புல்லை நான் பார்ப்பது இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னய உக்கார வச்சீங்களே மாஸ்டர், அன்னிக்கி உங்கள அனுப்பிடச் சொல்லி அம்மாகிட்ட கேட்டேன்," என்றான். "அதுக்கு அம்மா, அவர அனுப்பறது சுளுவு, அடுத்து வர்றவரு உனக்குப் பயந்துக்கினே டீம் போடுவாரு, அது டீமான்னு கேட்டாங்க." கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்: "அடுத்த ஆட்டம் எப்பன்னு சொல்லுங்க. நானும் வரணும்."

நம்மில் ஒவ்வொருவரும் அம்மாவிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருப்போம். என்னிடம் இருப்பது ஒரு கேள்வி. எந்த ஆட்டம் முடிந்தாலும் யார் வென்றது என்று அவர் முதலில் கேட்டதில்லை. "யாருக்காச்சும் அடி கிடி பட்டுச்சா?" என்றுதான் கேட்பார். நான்கு கோல் வாங்கிய அந்த மாலையில், தலை குனிந்து உட்கார்ந்திருந்த வேலுவிடம் அதைக் கேட்டேன். அவன் முழங்கையைத் திருப்பிக் காட்டினான். தண்ணீர் கொண்டுவந்து சிராய்ப்பிலிருந்த மண்ணைக் கழுவினேன்.