அத்தையைத் தேடி வந்த கிறிஸ்துமஸ்

இலங்கையில் எங்கள் கண்டித் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்துமஸ் என்றால் கம்பளிக் குளிர். இங்கே திருப்பரங்குன்றம் தாண்டிப் போகும் மாட்டுவண்டியில் கோடைபோல் வெயில் அடிக்கிறது. சிறு வயதில் ஊரில் விட்டுப் பிரிந்த தன் தங்கையோடு பண்டிகை கொண்டாட, அப்பா அம்மாவையும் என்னையும் கப்பலேற்றி அழைத்து வந்திருக்கிறார். அம்மாவின் மடியில் அத்தைக்கு வாங்கிய சேலை.

ஊர்க் கிணற்றில் நீர் இறைக்கும் பெண்ணிடம் அப்பா இறங்கிப் போய்க் கேட்கிறார். "இங்கன பேச்சின்னு ஒருத்தி இருந்தாளே, தாயி?"

"அவ ஊர விட்டுப் போயி ரொம்ப வருசமாச்சுண்ணே. பஞ்சத்துல, அண்ணனத் தேடிப் போறேன்னு கண்டிக்குக் கப்பலேறுனா. அப்புறம் ஒரு சேதியும் இல்ல. நீங்க யாரு?"

அம்மாவும் வண்டியிலிருந்து இறங்கி வருகிறாள். "இவுகதான் அவ அண்ணன்," என்கிறாள்.

"எந்தத் தோட்டம்னு சொன்னாளா?" என்று அப்பா மெல்லக் கேட்கிறார்.

"கண்டின்னுதான் சொன்னா. கண்டி எம்புட்டுப் பெருசுண்ணே?"

அப்பா வெயிலிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.