எண்ணெய் பேசி முடிக்கட்டும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பது எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். அச்சகத்தில் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். அதையும் தாண்டி நிற்கும் பிழைகளை உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருமாதி அன்றே அக்காவுக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். அப்போது என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஓராண்டு கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

எங்கள் அக்கா பூந்தமல்லிக்கு மேற்கே, அப்பாவும் அம்மாவும் கூலி வேலை செய்த வயல்களுக்குப் பக்கத்தில் பிறந்தவர். வயல்கள் வீட்டு மனைகளானபோது அப்பா பாடியில் ஒரு பட்டறை வேலைக்குப் போனார். குடும்பம் கோவில்பதாகைக்கு வந்தது. அம்மா சீக்கிரமே காலமானதால் என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி வளர்த்தவர் அக்காதான். திருமணமாகி அம்பத்தூர் போனார். மாமா விபத்தில் இறந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத அக்கா ஒரு துணிப்பையும் ஒரு இரும்புச் சட்டியுமாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். அப்பாவும் போன பின்பு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குத் திருமணம் அமையவில்லை.

அக்கா துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தார். முதுகுவலியால் அதை விட்ட பின்புதான் தலைக்கு எண்ணெய் காய்ச்சத் தொடங்கினார். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, மருதாணி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் அரைத்துச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயில் ஊற்றி, அந்த இரும்புச் சட்டியில் சிறு தீயில் வைப்பார். சீயக்காயும் நலங்கு மாவும்கூடச் செய்தார். ஒருமுறை மாவு மிஷினில் மிளகாய் அரைத்த கையோடு எங்கள் சீயக்காயையும் அரைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதைத் தேய்த்துக் குளித்த பால்கடை சாந்தா, ஈரத் தலையும் சிவந்த கண்ணுமாக எங்கள் வாசலுக்கு வந்து, "இன்னாக்கா, கொழம்பு வெக்கச் சொல்லிக் குட்தியா?" என்று கேட்டார். அதன் பிறகு மிஷின்காரர் கல்லைத் துடைக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நிற்பார்.

புதன்கிழமை காய்ச்சி, வியாழக்கிழமை வடிகட்டுவார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கும் பெண்களுக்கு வியாழன் மாலையே பாட்டில் போய்ச் சேர வேண்டும். முகப்பேர் அடுக்குமாடிகள் வரை கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எனக்கு இளம் வயதிலேயே தலை வழுக்கை. "எல்மெட்ட கயட்டாம குட்துட்டு வா. உன் தலைய பாத்துட்டா அப்பால எவடா எண்ண கேப்பா?" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்புவார். யாரிடமும் பேசக் கூச்சப்படும் எனக்கு ஹெல்மெட் வசதியாகவே இருந்தது.

சாற்றில் உள்ள தண்ணீர் வற்றும்வரை எண்ணெய் சடசடவென்று சத்தம் போடும். நான் அவசரப்பட்டு அடுப்பை அணைக்கப் போனால், "இன்னும் பேசினு கீதுடா. பேசி முடிக்கட்டும்" என்பார். நாங்கள் இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல. புதன்கிழமைகளில் அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டுப் பேச்சு.

அக்கா தமக்கென்று ஒரு பாட்டில் எடுத்து வைத்ததில்லை. எல்லாவற்றையும் ஊற்றி மூடிய பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதை உள்ளங்கையால் வழித்துத் தம் தலையில் தேய்த்துக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய பங்கு.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி வந்து படுத்துவிட்டார். சட்டி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. கேட்டு வந்தவர்களிடம், அடுத்த வாரம் தருகிறேன் என்றே கடைசிவரை சொன்னார்.

அக்கா இறந்த அன்று, குளிப்பாட்டும் முன் உறவினர்கள் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்கும் நேரம் வந்தது. பிறந்த வீட்டு எண்ணெய்தான் முதலில். உடன்பிறந்தவன் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். சித்தப்பா கடையில் வாங்கி வந்த பாக்கெட்டைப் பிரித்து என் கையில் கொடுத்தார். ஊருக்கெல்லாம் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவர் தலையில் அதை வைக்க எனக்குக் கை எழவில்லை.

"இன்னாடா நிக்கிற? எல்லாம் எண்ணதான், வை" என்றார் சித்தப்பா.

தெருவே கூடியிருந்தது. அத்தனை பேர் நடுவில் நான் வாய் திறந்தது அன்றுதான். "இது வேணாம் சித்தப்பா. அக்கா காச்சினது யார்கிட்டனா கீதா?"

சாந்தா எழுந்து போய், காலியானது போலிருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். "அடியில ஒட்டினு கீது. கவுத்தா எறங்கும்" என்றார். பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்த் தங்கள் பாட்டிலோடு வந்தார்கள். முகப்பேரிலிருந்து வந்திருந்த, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண், தன் கைப்பையில் இருந்த சின்னப் பாட்டிலை எடுத்தார். எல்லாப் பாட்டில்களையும் ஒரே கிண்ணத்தின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்டிக்காரர் நேரமாகிறது என்றார். "இருப்பா, எறங்கட்டும்" என்றார் சித்தப்பா.

உள்ளங்கை நிறையவில்லை. ஆனாலும் போதுமானதாக இருந்தது. பாட்டிலில் ஊற்றிய எண்ணெய் அக்கா தலைக்குப் போனது அன்றுதான் முதல்முறை.

சாந்தாவுக்கும், முகப்பேர்ப் பெண்ணுக்கும், அன்று பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்த ஒவ்வொரு கைக்கும், கடைசிவரை உடன் நின்ற சித்தப்பாவுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். அன்றே சொல்லியிருக்க வேண்டிய நன்றி. வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஓராண்டாக வீட்டில் சத்தம் இல்லை. இன்று காலை சட்டியை நிமிர்த்தி அடுப்பில் வைத்தேன். எண்ணெய் வெகுநேரம் பேசியது. பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது அடங்கிய பின் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. எண்ணெய் ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, சட்டியில் ஒட்டியிருந்ததை உள்ளங்கையால் வழித்தேன். வைக்க வேறு தலை இல்லை. என் வழுக்கையில் தேய்த்துக்கொண்டு, அந்தக் கையைத் துடைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

தாளில் அங்கங்கே எண்ணெய்க் கறை இருக்கும். அச்சகத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி
கோவில்பதாகை
ஐப்பசி மாதம், புதன்கிழமை