அப்பாவின் குடலிறக்கம் எந்தப் பக்கம்?

கம்பத்தில் எங்கள் ஆட்களுக்கு இடது, வலது வாயில் வராது. பஸ்ஸில் "மேக்க தள்ளி உக்காரு" என்பார்கள். இலையில் உப்பைக்கூடக் கிழக்கே வைக்கச் சொல்வார்கள். அப்பாவைக் குடலிறக்க ஆப்பரேஷனுக்குத் தேனியில் சேர்க்கும்வரை அதனால் ஒரு கேடும் வந்ததில்லை.

சேர்த்த அன்று அவர் தெற்கே பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்தப் பக்கம் என்று பயிற்சி டாக்டர் கேட்டாள். சின்னப் பெண் முன்னால் அடிவயிற்றைத் தொட்டுக் காட்ட அவருக்குக் கூச்சம். "கெழக்க பக்கம், தாயி." நான் இடது என்றேன். எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை, கத்தி வைக்கும் பக்கத்தில் பேனாவால் குறி போட வந்தாள். அப்பா படுத்திருந்தார். மறுபடி கேட்டாள்.

"மேக்க பக்கம்."

"நேத்து கிழக்குன்னீங்க, அது இடது. இப்ப மேற்குன்னா வலதா?"

பேனா வலது பக்கத்துக்கு மேல் நின்றது. எனக்கு வெறி வந்துவிட்டது. நல்ல பக்கத்தைக் கீறிவிட்டால் யார் பதில் சொல்வது?

"ஏம்ப்பா மாத்திச் சொல்றீக? வயித்துக்குள்ள காத்தாடியா சுத்துது?"

"நான் எங்கடா மாத்துனேன்? நேத்து தெக்க பாத்து இருந்தேன். இப்பக் காலு வடக்க கெடக்கு."

வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். "படுத்தா வீக்கம் உள்ள போயிரும். நிக்க வச்சு இருமச் சொல்லும்மா." திரையை இழுத்தார்கள். அப்பா நின்று இருமினார். இடது பக்கம் புடைத்தது. மறுபடி படுக்க வைத்தார்கள்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "எங்க புத்தகத்துல ஆள் எப்பவும் நேரா நிப்பாரு, உள்ளங்கைய முன்னால காட்டிக்கிட்டு. படுத்தாலும் கவுந்தாலும் இடதுன்னா அவரோட இடதுதான். தலைப்பக்கம் மேல, கால்பக்கம் கீழ. அப்படித்தான் எழுதுவோம்."

"புத்தகத்து ஆளு நிக்கட்டும். எங்கப்பா படுத்துல்ல கெடக்காக?"

அவர் பேனாவை வாங்கி, இடது பக்கம் தடிமனாக ஓர் அம்புக்குறி போட்டார்.

ஸ்ட்ரெச்சர் வராந்தாவில் கிழக்கே திரும்பியது.

"இப்ப வடக்க வந்துருச்சுடா" என்றார் அப்பா.

"பேசாம வாங்க."

லிஃப்டுக்கு முன்னால் இன்னொரு திருப்பம். போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். அம்புக்குறி இடது பக்கம்தான் இருந்தது. ஆப்பரேஷன் அறை வாசலில் மறுபடி தூக்கினேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவர் என் கையைத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.