ஓலைக்குள் போன ஜாமெட்ரி பாக்ஸ்

இப்போது கட்டட வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். சின்ன வயதை நினைத்தால் முகங்களுக்கு முன்னால் சாமான்கள்தான் வரிசையாக வருகின்றன.

நான் பெரியவளானபோது தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து, வீட்டுக்கு வெளியே குடிசை கட்டி என்னை உட்காரவைத்தார். உள்ளே கோரைப் பாய், ஈயத்தட்டு, செம்பு, சீப்பு, உடுத்தியிருந்த பாவாடை, மாற்றுத் தாவணி. கணக்குப் பரீட்சை வருகிறதே என்று தங்கை என் பள்ளிக்கூடப் பையையும் ஓலைச் சந்து வழியாகத் தள்ளிவிட்டாள். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊரில் குடிசைக்குள் போனது வீட்டுக்குத் திரும்பாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் அன்று ஓலையை எரிப்பார்கள். துணியும் பாயும் தட்டும், ஊர்த் துணி வெளுக்கிற அக்காவுக்குப் போய்விடும்.

பையைப் பார்த்ததும் அம்மா தலையில் கைவைத்தாள். அத்தையிடம் யோசனை கேட்டார்கள். புத்தகம் சரஸ்வதி, மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்றாள் அத்தை. செம்பு பித்தளையில் செய்தது, புளி போட்டு விளக்கி எடுத்துக்கொள்ளலாம். பைக்குள் இருந்த ஜாமெட்ரி பாக்ஸ் தகரம். அதற்கு வழி இல்லை.

அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மிளகாய் விற்ற அன்று ராமநாதபுரத்தில் வாங்கிவந்தது அது. தங்கையோடு பங்கு போடாத சாமான் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் போனாலும் அது மட்டும் வந்துவிட வேண்டும் என்றிருந்தது.

"அதுவும் படிக்கிற சாமான்தான் அத்தை" என்றேன் ஓலைக்குள்ளிருந்து.

"இந்தக் குத்தூசியெல்லாம் சரஸ்வதிக்கு எதுக்குடி?"

வெளியே சிரித்தார்கள். அய்யாவிடம் கேட்டுவிடச் சொல்லி தங்கையை அனுப்பினேன். அவர் பொம்பளைகள் விஷயம் என்று சொல்லி வயலுக்குப் போய்விட்டார்.

வெளுக்கிற அக்காவின் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். நான் பள்ளிக்கூடம் திரும்பிய அன்று பாக்ஸ் அவள் மடியில் இருந்தது. மூடிக்குள் நான் ஒட்டிய வாய்ப்பாடு அப்படியே இருந்தது. சார் வட்டம் போடச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்துவிட்டு, காம்பஸை எடுத்து நீட்டினாள்.

"இந்தா புள்ள. அங்கனயே வச்சுக்கிராத, எனக்கும் போடணும்."

வாங்கிப் போட்டுவிட்டுக் கொடுத்தேன். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். புதிதாக ஒன்று வாங்கித்தர வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அவளும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அடுத்த வருஷம் அவளும் பெரியவளானாள். பள்ளிக்கூடம் வருவது நின்றது. ஒரு நாள் அவள் அம்மா வெளுத்த துணி மூட்டையை எங்கள் வாசலில் பிரித்தபோது, போர்வை மடிப்பிலிருந்து பாக்ஸை எடுத்துவைத்தாள்.

"குடிசைக்குள்ள கொண்டுபோகல தாயி. அன்னைக்கே கூரை எறவானத்துல சொருகி வச்சிட்டா. பாப்பாட்ட குடுக்கச் சொன்னா."

"அவளுக்கு வேணாமாக்கும்?" என்றாள் அம்மா.

"இனிமே என்ன வட்டம் போடப் போறா."

அம்மா மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். அத்தையிடம் கேட்கவில்லை.

மறுநாள் கணக்கு வகுப்பில் வட்டம் போடச் சொன்னார்கள். யாரிடமும் கேட்காமல் போட்டேன்.