மண்ணுக்குள் மடங்கிய கை

எனக்கு எழுபத்தொன்பது வயது. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒரு பிள்ளையும் பிறத்தியார் வாசலில் போய் நின்றதில்லை. அதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் கிண்ணியாவில் இருந்தோம். என் புருசன் திருகோணமலையில் கப்பலில் இருந்து மா மூட்டை இறக்கப் போவார். நிரந்தர வேலை இல்லை. கூட்டத்துக்குத் தலையாளாக ஒரு தண்டல் இருந்தார். அவர் காலையில் பெயர் கூப்பிட்டால்தான் வேலை. ஒரு நாள் மூட்டை தூக்கும் கம்பிக் கயிறு, உருளையில் சுற்றும்போது இவருடைய வலது கையையும் சேர்த்து இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே வெட்டினார்கள்.

எங்களுக்குள் மனிதனுடைய உறுப்பை வீசுவது கிடையாது. இவருடைய தம்பி அந்தக் கையைக் கேட்டு வாங்கி வந்து, கழுவி, வெள்ளைத் துணியில் பொதிந்து மையவாடியில் அடக்கினார். விரல்கள் பொத்தியபடி இறுகியிருந்தன. விரிக்கப் பார்த்தும் ஏலவில்லையாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, பட்டப்பகலில், சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு இவர் சொல்வார்:

"விரல் மடங்கிக் கிடக்குது புள்ள. நகம் உள்ளங்கையில குத்துது. ஆராவது போய் அத விரிச்சு உடுங்களன்."

கை இல்லாத இடத்தைத்தான் பார்த்துக்கொண்டு சொல்வார். மையவாடி மதிலைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவேன். மண்ணுக்குள் அது உயிரோடு நோகிறது என்றுதான் எனக்கும் பட்டது.

தண்டல் பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்வார். "நாட்கூலிக்காரனுக்கு நட்டஈடு இல்ல தம்பி. அதோட, கவனமில்லாமக் கைய வச்சது உன்ட பிழை. கந்தோருக்குப் போனா மத்தவங்கட வேலையும் போகும்" என்றார்.

அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாத வீட்டில் நான் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கலாமா? இவருடைய தம்பியைக் கூட்டிக்கொண்டு, துறை கடந்து, டவுனில் தொழில் கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த கிளாக்கர் இளம் ஆள். நாட்கூலி என்றாலும் நட்டஈடு உண்டு, கவனக்குறைவு என்று சொல்லி அதைத் தட்டிவிட ஏலாது, ஆனால் தவணை முடிவதற்குள் கையிழந்தவரே நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும் என்றார்.

நான் சந்தோசமாக ஓடி வந்தால், அதற்குள் ஊருக்கே கதை போயிருந்தது. என் மதினி கிணற்றடியில் நின்று, "புருசன்ட கைய வித்துக் காப்புப் போடப் போறாவோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அந்தச் சொல் இவருடைய காதில் விழுந்துவிட்டது. பாயில் இருந்து எழும்பவே மாட்டேன் என்றார்.

"மறுமையில கை கால் எல்லாம் சாட்சி சொல்லும், தெரியும்தானே? அண்டைக்கு அந்தக் கை எழும்பி, இவன் என்னை வித்துத் திண்டவன் எண்டு சொன்னா நான் என்ன மறுமொழி சொல்லுற?"

"மூட்டை சுமந்து புள்ளயளுக்குச் சோறு போட்ட கை அது. அந்தப் புள்ளயள் பட்டினி கிடந்ததையும் அது சொல்லாதா?"

"வாய மூடு."

"மூடுறன். புள்ளயள்ற வாய எத வச்சு மூடுற, அதச் சொல்லுங்க."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. தவணை நெருங்கிக்கொண்டு வந்தது. நான் கெஞ்சவும் இல்லை. பிறகு ஒரு காலையில் தானாகவே சட்டையைத் தூக்கி என்னிடம் நீட்டினார், போட்டுவிடச் சொல்லி.

கந்தோரில் கதிரையில் இருக்கவும் மாட்டேன் என்று நின்றபடியே கேட்டார்: "தொர, என்ட கைக்கு என்ன விலை போட்டிருக்கீங்க?"

கிளாக்கர் பேனையை வைத்துவிட்டார். "ஐயா, உங்கட கையை ஒருத்தரும் வாங்கேல்லை. அது எப்பவும் உங்கட கைதான். இனி அந்தக் கையால நீங்கள் உழைக்க ஏலாது எல்லோ? அந்த இல்லாமல் போன உழைப்புக்குத்தான் இது."

"அப்ப கை எனக்குத்தானா?"

"ஓம், உங்களுக்குத்தான்."

இவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். பிறகு இடது பெருவிரலை மையில் வைத்தார்.

காசு வந்தது. அதில் ஒரு தேங்காய்க் கடை வைத்து அத்தனை பேரையும் வளர்த்தோம். ஆனால் அந்த விரல்கள் விரியவில்லை. மவுத்தாகும் வரைக்கும், குத்துது குத்துது என்றுதான் சொன்னார். இப்போது அவரும் அதே மண்ணில். மறுமையில் அந்தக் கை எழுந்து என்ன சொல்லும் என்று நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கிளாக்கர் சொன்ன மாதிரியே சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

மகள், நான் சொல்லச் சொல்ல நீ இப்ப எழுதினத முதல்ல இருந்து வாசி. உரத்து வாசி. மதினி சொன்னது கிடக்கட்டும், அது அவட சொல். நான் சொன்னதா எங்கயாவது கை வித்த காசு எண்டு விழுந்திருந்தா, அத வெட்டிப்போட்டு வாசி.