அத்தையின் பெரிய ஃபைல்

அத்தையின் வேதாகமத்துக்கு ஜிப் வைத்த கறுப்பு உறை உண்டு. அதன் உள்பையில், மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியோடு ஒரு சிவப்பு பென்டிரைவ் இருக்கும். போன மாதம்வரை அதில் ஒரே ஒரு பாட்டு. பாடியவர் அத்தை, பதிவு செய்தவள் நான். ஒரு பாட்டுக்கு இவ்வளவு இடமா என்று கேட்காதவர்கள் இல்லை. ஆம், இவ்வளவு இடம்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. பொம்மிடியில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் மேலே ஏறிப் பாடும் இடமெல்லாம் அவருடையது. தைராய்டு கட்டிக்கு சேலத்தில் அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, குரல் மாறினாலும் மாறலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். அந்த வருடம், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் அத்தை தனியாகப் பாட வேண்டியிருந்தது. “நான் பாட முடியாம போனா என் கொரலாச்சும் பாடட்டும். உன் மிஷினை எடுத்துக்கிட்டு வா கண்ணு” என்றார். நான் பெங்களூரில் ஒலி மென்பொருள் எழுதும் வேலையில் சேர்ந்திருந்த நேரம். ஆளில்லாத தேவாலயத்தில் மின்விசிறிகளை நிறுத்தினேன், சன்னல்களைச் சாத்தினேன், கூட்ஸ் வண்டி கடந்து போகும்வரை காத்திருந்தேன். வியர்வை வழிய வழிய அத்தை பாடினார்.

அறுவைக்குப் பிறகு குரல் மாறித்தான் போனது. மேலே ஏறும் இடங்களில் காற்று மட்டுமே வந்தது.

பண்டிகைக்கு முந்தைய ஒத்திகைக்கு நானும் வந்திருந்தேன். குழுத் தலைவர் அந்தப் பதிவைப் போட்டார். அலைபேசியில் அனுப்ப வசதியாக அதைச் சின்ன எம்பி3 ஆக்கி, வீடியோவில் சேர்த்து, அந்த வீடியோவையும் ஒருமுறை சுருக்கியிருந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அத்தை மட்டும் தலையசைத்து மறுத்தார்.

“இது நான் இல்ல தம்பி. தண்ணிக்குள்ள உக்காந்துக்கிட்டு யாரோ பாடுறாங்க.”

“கொரலு போன வருத்தத்துல உங்களுக்கு அப்படித் தோணுதுங்க அக்கா” என்றார் தலைவர். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“கொரலு தான்ப்பா போச்சி. காது போவல. மாத்தி மாத்திப் போடு, சொல்றேன்.”

என் மடிக்கணினியில் மூலப் பதிவு, அவர் சுருக்கியது என இரண்டு ஃபைல்களையும் ஏற்றினேன். எது முதலில் வரும் என்பது எனக்கும் தெரியாதபடி கணினியே கலைத்துக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அத்தை சரியாகச் சொன்னார். “இதுல நான் மூச்சு வாங்குறது எங்க? முழுங்கிட்டீங்களா?” என்று சுவரைப் பார்த்தே கேட்டார். “அத்தைகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாதுங்கோ” என்று பின் வரிசையில் ஒருவர் சொல்ல, தலைவரும் சிரித்துவிட்டார்.

பிறகு நானே தரம் கூட்டி ஓர் எம்பி3 செய்து, அதை மூலத்தோடு மாற்றி மாற்றிப் போட்டேன். அத்தை நெடுநேரம் கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதாண்டி. என்னையே ஏமாத்துறியா?” எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

“அப்ப இதுவே போதுமேங்க. பெருச அழிச்சிடலாம்” என்றார் தலைவர்.

“அழிச்சிட்டு? நாளைக்கு நீ இதையும் சுருக்குறதுக்கா?”

என் அலுவலகத்திலும் இந்த வாதம் அடிக்கடி வரும். காதுக்குத் தெரியாததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்பார்கள். என் பதில் இன்றும் அதேதான். கேட்பதற்கு நல்ல எம்பி3 போதும். நானே ரயிலில் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் கேட்பது வேறு, வைத்திருப்பது வேறு. அத்தையின் பெரிய ஃபைல் போன்ற இழப்பில்லாத வடிவம், சேலையை மடித்து வைப்பது போல. விரித்தால் முந்தானை முழுதாக இருக்கும். எம்பி3 கண்ணில் படாத ஓரம் என்று கொஞ்சம் வெட்டுகிறது. ஒருமுறை வெட்டினால் தெரியாமல் போகலாம். வெட்டியதையே மறுபடி மறுபடி வெட்டினால் தெரியும். திரும்பப் பாட முடியாத ஒருவரின் குரலில் எது தேவையில்லாத ஓரம் என்று முடிவு செய்யும் உரிமையை எந்த மென்பொருளுக்கும் நான் கொடுக்கமாட்டேன், அதை எழுதியவள் நானே ஆனாலும்.

“பெருச போடு. இல்லைன்னா போடவே போடாத” என்றார் அத்தை. பண்டிகையன்று பென்டிரைவிலிருந்துதான் பாட்டு ஒலித்தது. அவர் மூச்சு வாங்கியது கடைசி வரிசைவரை கேட்டது.

அடுத்த ஞாயிறு அத்தை பாடகர் குழுவுக்குத் திரும்பினார். பெண்கள் பக்கம் போகவில்லை. கீழ்க்குரலில் பாடும் ஆண்களின் வரிசையில் போய் நின்றார்.

“அக்கா, எடம் மாறி நிக்கிறீங்க” என்றார் அந்த வரிசையில் ஒருவர்.

“சரியாத்தான் நிக்கிறேன். தள்ளி நில்லுப்பா, எடம் பத்தல.”

போன மாதம் என்னை அழைத்து, அதே பாட்டைப் புதுக் குரலில் பதிவு செய்யச் சொன்னார். மறுபடியும் மின்விசிறி, சன்னல், கூட்ஸ் வண்டி. நடுவில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை பாடுகிறீர்களா என்று கேட்டேன்.

“வேணாம். அதுவும் நாந்தான். எதையும் வெட்டாத.”

கறுப்பு உறைக்குள் அதே சிவப்பு பென்டிரைவ். இப்போது அதில் இரண்டு பாட்டு. இடம் இன்னும் நிறைய இருக்கிறது.