நீலத் தண்ணீரில் மூழ்கிய சொட்டு

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு வளையல் கடை. வருகிற பெண்ணின் கையைப் பிடித்து வளையலை ஏற்றி முடிப்பதற்குள் எந்த ஊர், கூட வந்தது யார், மாமியாரோடு ஒத்துப்போகிறதா என்பது வரை கேட்டு முடித்துவிடுவேன். "நீ வளையல் போடுறியா, விசாரணைக் கமிஷன் நடத்துறியா?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எனக்கு நேரெதிர். இரண்டு முறை கேட்டால் ஒரு பதில் வரும், அதிலும் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

உறையூரில் இருக்கும் என் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க ஆபரேஷன் என்று முடிவானபோது, ரத்தம் கொடுக்க வீட்டிலிருந்து ஆள் கூட்டி வரச் சொன்னார்கள். அக்கா வீட்டுக்காரர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், அவர் ஆகாது. நான் அப்போதுதான் பல் பிடுங்கி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், என்னையும் வேண்டாமென்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர். ஊசி என்றாலே வியர்க்கிற மனுஷன், அக்காவுக்காக என்றதும் மறுபேச்சு பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

திருச்சியில் அந்த ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி சின்ன இடம்தான். அங்கே இருந்த மேடம் அவருடைய விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, கண்ணாடிக் குவளையிலிருந்த நீலத் தண்ணீரில் விட்டார். இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பியிருந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"இது என்ன மேடம், சோப்புத் தண்ணியா?"

"மயில்துத்தம் கரைச்சதும்மா. சொட்டு நேரா கீழ போனா ரத்தம் நல்லா இருக்குன்னு அர்த்தம். மிதந்தா, ரத்தம் கம்மி, போயிட்டு அப்புறம் வாங்கன்னு அனுப்பிடுவோம்."

சொட்டு கல்லைப் போட்டதுபோல் அடியில் போய் உட்கார்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. சும்மாவா, என் சமையல்!

பை நிறைந்துகொண்டிருக்கும்போது கூடவே இரண்டு சின்னக் குழாய்களிலும் கொஞ்சம் ரத்தம் பிடித்தார்கள். அது எதற்கு என்று கேட்டேன். "சோதனைக்கும்மா. இந்தக் குழாய் சரின்னு சொல்ற வரைக்கும் பை தனி ஃப்ரிட்ஜ்லதான் இருக்கும். யாருக்கும் ஏத்த மாட்டோம்" என்றார் மேடம். என்ன சோதனை என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவரை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குள்ளேயே அரித்துக்கொண்டு கிடந்தது.

அக்கா ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள். அப்புறம் ஒருநாள் கடையில் இருக்கும்போது இவருக்குப் போன் வந்தது. ரத்த வங்கியிலிருந்து. நேரில் ஒருமுறை வந்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். எதற்காம் என்றேன். போனில் சொல்ல மாட்டார்களாம். நானும் வருகிறேன் என்றதற்குக் கடையை யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பிப் போனார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"ரத்தம் கம்மியாம்" என்றார். அவ்வளவுதான்.

என் மாமியாருக்கு இது போதாதா? "என் புள்ளைக்கு ஒடம்புல ரத்தமே இல்லையாம்!" என்று தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் முருங்கைக்கீரைதான். காலையில் சூப்பு, மத்தியானம் பொரியல், ராத்திரி அடையிலும் கீரை. பூக்கடை அக்கா மாதுளம்பழம் கொடுத்தனுப்பினார். எதிர்க்கடை பாய் பேரீச்சம்பழம் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்து, "துபாய்லேருந்து மச்சான் அனுப்பினதும்மா, தினம் நாலு சாப்பிடச் சொல்லுங்க, இன்ஷா அல்லா சரியாயிடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஈரல் வறுவல். இவரும் கழுத்தை நீட்டிய ஆடு மாதிரி வைத்ததையெல்லாம் தின்றார்.

ஆனால் ஆள் மாறிப்போனார். முதுகு வலிக்கிறது என்று கூடத்தில் தனியாகப் பாய் விரித்தார். தனக்கென்று ஒரு டம்ளர் ஒதுக்கி, அதை அவரே கழுவிக் கவிழ்த்தார். எங்கள் பாப்பா தான் கடித்த மாங்காயை "அப்பா, ஆ காட்டு" என்று நீட்டினால் வாயை மூடிக்கொண்டார். அவள் மடியில் ஏறினால் இறக்கிவிட்டார். குழந்தை என்னிடம் வந்து, "அப்பாவுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரத்தம் கம்மியானால் மனுஷனுக்குப் பாசமும் கம்மியாகுமா? வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன், நினைத்தேன்தான்.

ஒருநாள் அவருடைய வெள்ளை வேட்டியை அலச வாளியில் சொட்டு நீலம் விட்டுக்கொண்டிருந்தேன். நீலம் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்குச் சொட்டு மூழ்கியதே! நான் என் கண்ணால் பார்த்தேனே. ரத்தம் கம்மி என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்களே, பை நிறைய எடுத்துவிட்டு அப்புறமா கூப்பிட்டுச் சொல்வார்கள்? இந்த மனுஷன் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், மேடம் சொன்னதும் காதில் ஏறவில்லை, அதனால் அவருக்கு அது தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பஸ் ஏறி நேராக ரத்த வங்கிக்குப் போனேன்.

மேடத்துக்கு என்னை நினைவிருந்தது. என்னை யாரும் சுலபத்தில் மறப்பதில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு என்ன மேடம்?" என்றேன்.

"அத அவருதாம்மா சொல்லணும். நான் சொல்லக் கூடாது."

"நான் அவரு சம்சாரம்!"

"கூடப் பொறந்தவங்க வந்தாலும் சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்களப் பத்தி அவரு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

சண்டை போடலாமா என்று பார்த்தேன். இந்த அம்மாவிடம் பலிக்காது என்று தெரிந்தது. சரி, அவரைப் பற்றி வேண்டாம், பொதுவாகச் சொல்லுங்கள், அந்தச் சின்னக் குழாயில் என்னதான் பார்ப்பீர்கள் என்றேன். அதைச் சொல்வதில் அவருக்குத் தடையில்லை. யார் கொடுத்த ரத்தமானாலும் ஐந்து நோய்களுக்குப் பார்ப்பார்களாம். எய்ட்ஸ் கிருமி, மஞ்சள் காமாலையில் பி, சி என்று இரண்டு, மேகநோய், மலேரியா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேபில் ஒரு தட்டைக் காட்டினார். பணியாரக் கல் போலக் குழி குழியாக, ஆனால் ஒவ்வொரு குழியும் மிளகு அளவுதான். ஒரு குழிக்கு ஓர் ஆள். முக்கால்வாசி வெறும் தண்ணீராகத் தெரிந்தது, ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் நல்ல மஞ்சள்.

"ஐயோ, அந்த மஞ்சள் யாரு மேடம்?"

"அது யாரும் இல்லம்மா. கிருமி இருந்தா மஞ்சளாகும். சோதனை ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க நாங்களே வெக்கிறது அது."

வந்த வேலையை மறந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனை வீட்டுச் சங்கதி அந்தக் குழிகளில் இருக்கிறது! கொடுத்தவன் ஜூஸைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பான், அவனுக்கே தெரியாத ஒன்றை இந்த மிளகுக் குழி சொல்லும். பிறகுதான் இவருடைய குழி ஞாபகம் வந்தது. அதுவும் மஞ்சளாகியிருக்க வேண்டும்.

"என் கையிலயும் எடுங்க மேடம். பல்லெல்லாம் ஆறிடுச்சு" என்றேன். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு குறுக்குப் புத்தி.

மேடம் தலையை அசைத்து மறுத்தார். "இன்னிக்கு உங்ககிட்ட ரத்தம் வாங்க மாட்டேம்மா."

"ஏன், எனக்கென்ன?"

"வீட்டுக்குப் போயி அவர்கிட்ட பேசுங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இருப்பது எனக்கும் இருக்கலாம். பாப்பாவுக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஐந்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றை நினைத்தால் பாப்பாவின் முகம் கண் முன் வந்தது, இன்னொன்றை நினைத்தால் அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது, "ரங்கநாதா, மலேரியாவா இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். கட்டினவனுக்கு மலேரியா வர வேண்டும் என்று வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மலேரியா என்றால் குளிர் காய்ச்சல் வந்திருக்குமே என்று உடனே புத்தி குறுக்கே பேசியது. எனக்கு என் புத்தி மேலேயே வெறுப்பாக வந்தது.

கடைக்கு வந்தபோது மதியம், கோயில் நடை சாத்தி வீதி காலியாகக் கிடந்தது. இவர் வளையல் சரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தச் சொட்டு மூழ்கிடுச்சுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நீலத் தண்ணீர் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கையிலிருந்த துணி நின்றுவிட்டது.

"அஞ்சுல எதுங்க?"

"மஞ்சள் காமாலை. பி." தலை நிமிரவில்லை. "திரும்பவும் எடுத்துப் பாத்துட்டாங்க. அதேதான்."

மூச்சு வந்தது எனக்கு. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இதை ஏன் மறைத்தீர்கள், இத்தனை நாள் கீரையைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தீர்களே என்று கத்தினேன்.

"நீ கேப்பியே. எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்ப. எனக்கே தெரியாததுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அப்புறம் மெல்லச் சொன்னார், "டம்ளர்ல, தட்டுலயெல்லாம் ஒட்டாதுன்னு மேடம் சொன்னாங்கதான். மனசு கேக்கல. பாப்பாவைப் பாத்தாலே பயமா இருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் என் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று. இவருடைய மனதில் வேறு ஒருத்தி என்று நினைத்தேனே, பாவி.

"என் பையை வேக வெச்சு அழிச்சிட்டாங்களாம், ஒங்க அக்காவுக்கு ஏத்துனது வேற ஆளோடதாம்" என்றார். "மொத மொதல்ல ஒருத்தருக்குக் குடுத்தேன்." வியாபாரத்தில் நஷ்டம் வந்தபோதுகூட இந்த மனுஷன் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

மறுநாளே இரண்டு பேரும் சேர்ந்து போனோம். மேடம் டாக்டரிடம் அனுப்பினார். அங்கே நான் இவர் பயந்த கேள்வியைக் கேட்டேன், ஆனால் இவரிடம் அல்ல, டாக்டரிடம். பெரியவர்களான பிறகு வந்தால் அநேகமாகத் தானே போய்விடுமாம். இப்படி உடம்பிலேயே தங்கிவிடுவது பெரும்பாலும் பிறக்கும்போது தாயிடமிருந்து வருவதாம், தாய்க்கே தெரியாதாம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அம்மாவையும் கூட்டி வாருங்கள், அவருக்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு இருந்த ஒரே ஒரு சந்தேகமும் அங்கே தீர்ந்தது. வெளியே வரும்போது, அம்மாவை நினைத்தோ என்னவோ, இவர் முகத்தில்தான் நிம்மதியே இல்லை.

எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பாப்பாவுக்குப் பிறந்தவுடனேயே தடுப்பூசி போட்டிருந்தது, அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் இல்லை, ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்றார்கள். மாமியாருக்கு இருந்தது.

டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மாத்திரை இருக்கிறது, பயப்பட வேண்டாம், மகனுக்கும் இதேதான், அவருக்கு இப்போதைக்குச் செக்கப் மட்டும் போதும் என்றார். மாமியார் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, ஒனக்கு வந்துதான் எனக்கு ஒட்டிக்கிச்சா?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இவர் முந்திக்கொண்டார். இரண்டு முறை கேட்டாலும் பதில் வராத மனுஷன்.

"ஆமாம்மா. என்கிட்டேருந்துதான் வந்திருக்கும்."

"கண்ட சலூன்லயும் போயி மூஞ்சியக் காட்டாதன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டியா?"

"தப்புத்தாம்மா."

டாக்டர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாத்திரைச் சீட்டை எழுத ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த நிமிஷம் போல அவர் மேல் எனக்கு ஆசை வந்ததில்லை.

மாமியார் இன்றைக்கும் ராத்திரி மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம், "எல்லாம் இவனால வந்தது" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார். இவர் தலையை ஆட்டிக்கொண்டு, பாப்பா கடித்து நீட்டுகிற மாங்காயை வாங்கித் தின்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மட்டும் நான் அவரைக் கேட்கவே இல்லை.